மஞ்சக்கயிறும் ஒரு பெயிண்ட் டப்பாவும்

பெர்னா வீடா? பாம்பு பெர்னா வீட்டைத்தானே கேக்கிய? சொல்லுதேன், சொல்லுதேன். மொதல்ல இந்த ஓலைக்குள்ள வாங்கம்மா. இந்த வெயில்ல நின்னா மண்டை பொளந்துரும். அந்தக் கவுத்துன கூடையில இருங்க. ஈரமில்ல, சும்மா இருங்க. நான் எந்திரிச்சு வர முடியாது, வலையில நண்டு சிக்கிக் கெடக்கு. பாதியில விட்டா கண்ணியெல்லாம் அறுத்துப் போட்டுரும். பேசிக்கிட்டே பிரிக்கேன்.

இந்தக் கரையில பஸ்ஸை விட்டு எறங்குத ஒருத்தராவது இன்னாசியம்மா வீடு எதுன்னு கேட்டிருக்காவளா? இல்ல. நான்தான் இன்னாசியம்மா. பெர்னாவுக்கு ஓர்ப்படியா. எங்க வீட்டுக்காரரு மூத்தவரு, அவ புருசன் ரோமால்டு இளையவன். ஒரே வளவு, ரெண்டு வாசல். நீலப் பெயிண்டு அடிச்ச கதவு அவளுது. என் கதவுக்குப் பெயிண்டு அடிக்கல.

அவ கல்யாணமாகி வந்த மறுவாரம் சாளைக் குழம்பு வச்சா. எங்க வீட்டுக்காரரு ரெண்டு வாய் தின்னுட்டு, "நல்லாருக்கே"ன்னாரு. இருபத்தேழு வருசமா நான் ஆக்கிப் போடுதேன், அந்த வார்த்தை அவரு வாயில இருந்து வந்ததே இல்ல. உப்பு கூடுனா சொல்லுவாரு, கொறைஞ்சா சொல்லுவாரு, சரியா இருந்தா வாயத் தொறக்க மாட்டாரு. இத்தனைக்கும் அன்னைக்கு அந்தக் குழம்புல புளி தூக்கலு. நான் அன்னைக்கே சொன்னேன். யாரு கேட்டா?

எனக்கு அவ மேல பொறாமைன்னு ஊருல சொல்லுவாவ. உங்ககிட்டயும் எவளாவது சொல்லுவா. பொறாமைப்பட அவகிட்ட என்னம்மா இருக்கு? நெறமா இருப்பா. பல்லு வரிசையா இருக்கும். பன்னெண்டாப்பு படிச்சிருக்கா. கோயில்ல பாட்டுக்கு முன்னால நிப்பா, சாமியாரு பூசை முடிஞ்சதும் அவளைப் பேரு சொல்லி விசாரிப்பாரு. வேற என்ன? ஒண்ணுமில்ல.

சரி, நீங்க பாம்புக்காகத்தான் வந்திருக்கிய, பாம்பைச் சொல்லுதேன்.

அந்தா தெரியுது பாருங்க, ஓடை வந்து கடல்ல விழுற எடம். இந்தப் பக்கம் இடிஞ்ச பாலம், அந்தப் பக்கம் சேத்துத் திட்டு. நடந்தா அரை மணி நேரம் ஆவாது. அதுக்குள்ளதான் அது கெடக்கும். திட்டைத் தாண்டி வலை போட்டா வராது, பாலத்துக்கு இந்தாண்ட போட்டாலும் வராது. ஒடம்பெல்லாம் சாம்பல் நெறம், வாலு துடுப்பு மாதிரித் தட்டையா இருக்கும், தலை சின்னது, என் சுண்டு விரல் அளவு. கழுத்துல மட்டும் சுத்தி ஒரு மஞ்சக் கோடு. அதனால நாங்க பொம்பளைகளெல்லாம் அதை மஞ்சக்கயிறுன்னு சொல்லுவோம். ஆம்பளைகளுக்கு அந்தப் பேரே தெரியாது.

ஏன் தெரியாதுன்னு கேளுங்க. எங்க கரையில ஒரு வழக்கம் உண்டு. கடல்ல வச்சு வலையில பாம்பு ஏறுச்சுன்னா ஆம்பள எறியணும். கரைக்கு வந்துட்டா பொம்பள எறியணும். அதுலயும் யாரு கையில தட்டுப்படுதோ அவதான் எறியணும், அடுத்தவகிட்டக் குடுக்கக் கூடாது, அடிச்சுக் கொல்லவும் கூடாது. வாலைப் பிடிச்சு ஒரு சுத்து, விட்டா தண்ணியில போய் விழணும். ஓடை வாய் வலையெல்லாம் கரையில வச்சுத்தான் பிரிக்கிறது. அப்போ மஞ்சக்கயிறு யாரு கையில வரும்? எங்க கையிலதான். என்னைப் போல எறிய இந்தக் கரையில ஆளு கெடையாது, யாரைனாலும் கேட்டுப் பாருங்க. அவ எறிஞ்சா காலடியில விழும்.

நான் எறிஞ்ச மஞ்சக்கயிறு நாப்பது இருக்கும்மா. நாப்பது! கல்யாணமாகி வந்த வருசத்துல இருந்து எறியுதேன். அது எந்த மாசம் வரும், கடல் வத்தத்துல வருமா பெருக்குல வருமா, என்ன திங்கும், எல்லாம் எனக்குத் தெரியும். அது முட்டை போடாது, குட்டிதான் போடும். ஆடியில மெலிஞ்சு வரும், பங்குனியில வயிறு தள்ளிக்கிட்டு வரும். சேத்துக்குள்ள இருக்க உளுவை மீன் குஞ்சுதான் அதுக்கு உசுரு. பாம்பை ஆராய வந்த சாரு கூட இதெல்லாம் பொறவுதான் எழுதிக்கிட்டாவ. யாரு சொல்லி? பெர்னா சொல்லி. பெர்னாவுக்கு யாரு சொன்னா? நான் சொன்னேன்!

இப்போ மூணு வருசத்துக்கு முன்னால நடந்ததைக் கேளுங்க. ரெண்டு பேரும் ஒரே வலையில உக்காந்து பிரிக்கோம். என் பக்கம் மஞ்சக்கயிறு வந்துது. என் பக்கம், ஞாபகம் வச்சுக்கிடுங்க. நான் வாலைப் பிடிச்சுத் தூக்கி, கையை ஓங்கிட்டேன். "அக்கா, ஒரு நிமிசம், அப்படியே பிடி"ன்னா. மடியில இருந்து போனை எடுத்து, டக்குன்னு ஒரு போட்டோ. "இதை எங்கயும் பாத்ததில்லக்கா, அனுப்பி வைப்போம்"ன்னா. மீனு வளப்பு வகுப்புக்கு ஒரு வாரம் போயிட்டு வந்தா பாருங்க, அங்க பழக்கமான சாருக்கு அனுப்பிட்டா. ஈஸ்வரமூர்த்தி சாருன்னு பேரு. சாரு உடனே போன் போட்டாவ, எறியாதீங்க, வையுங்கன்னு. வச்சா. சாயங்காலத்துக்குள்ள அது செத்துப் போச்சு. சாரு கார்ல வந்து மருந்துத் தண்ணி பாட்டில்ல போட்டுக் கொண்டு போனாவ.

பதினஞ்சு நாளுல பேப்பருல வந்துட்டு. உலகத்துலயே இந்த ஓடை வாயில மட்டும் இருக்க பாம்பாம், கடுமையான விசமாம், மீனவப் பெண் பெர்னதெத் கண்டுபிடிச்சாராம். அந்தப் போட்டோவையும் போட்டிருந்தாவ. அதுல இருக்கது யாரு கை? என் கை! இந்தா, இந்த வளையல், நெளிஞ்சு கெடக்கு பாருங்க, இதே வளையல். கை மட்டும் இருக்கு, மூஞ்சி இல்ல. பக்கத்துல சின்னதா ஒரு கட்டத்துக்குள்ள அவ சிரிச்சுக்கிட்டு நிக்கா. நான் அந்தப் பேப்பரை எடுத்துக்கிட்டுப் போயி எங்க வீட்டுக்காரருகிட்ட, "இது யாரு கைன்னு தெரியுதா?"ன்னு கேட்டேன். பாத்துட்டு, "பெர்னா கைதான"ன்னாரு. மூணு நாளு நான் அந்த மனுசன்கிட்டப் பேசல. அவரு அதைக் கவனிச்ச மாதிரியும் தெரியல.

டிவியில இருந்து வந்தாவ. காலேசுப் பிள்ளைய வந்தாவ. எல்லாரும் நீலக் கதவுக்குப் போவாவ, என் வாசல்ல செருப்பைக் கழட்டிப் போடுவாவ. ஒவ்வொரு தடவையும் அவ உள்ள இருந்து, "அக்காவைக் கேளுங்க, அக்காவுக்குத்தான் நல்லாத் தெரியும்"னு சத்தம் போடுவா. எனக்குப் பத்திக்கிட்டு வரும். என்ன, தானம் போடுதாளா? நான் அடுப்படிக்குள்ள போயிருவேன்.

ஆனா அந்தச் சாரு ஒண்ணு சொன்னாவ. ஒரு பாம்பை மட்டும் வச்சுப் புது சாதின்னு மேல உள்ளவிய ஒத்துக்க மாட்டாவளாம். ஊனமாப் பொறந்த ஒண்ணா இருக்கும், இல்லன்னா வேற எங்கயோ இருந்து வழி தப்பி வந்திருக்கும்னு சொல்லுவாவளாம். இன்னொண்ணு வேணும், உசுரோட கெடைச்சா ரொம்ப நல்லதுன்னாவ. பெர்னா எங்க எல்லார்கிட்டயும் வந்து சொன்னா, மஞ்சக்கயிறு வந்தா எறியாதிய, என்னைக் கூப்பிடுங்கன்னு.

அதுக்குப் பொறவு ரெண்டு வருசத்துல என் கையில ஏழு வந்துது.

என்ன அப்படிப் பாக்கிய? ஏழுதான். எண்ணித்தான் வச்சிருக்கேன். ஏழையும் எறிஞ்சேன். வழக்கம் அதுதானே? நான் ஒண்ணும் புதுசாச் செய்யலையே? கையில வந்தா எறியணும், எறிஞ்சேன். அவ ஓடி வந்து, "அக்கா, மஞ்சக்கயிறு வந்துதா?"ன்னு கேப்பா. "இல்லட்டி, வெறும் பாசிதான்"ம்பேன். போயிருவா. அவ முதுகைப் பாத்துக்கிட்டு நிப்பேன். அன்னைக்குச் சோறு கொஞ்சம் கூட எறங்கும் எனக்கு. உள்ளதைச் சொல்லுதேன், நீங்க வெளியூரு, உங்ககிட்டச் சொன்னா என்ன?

நாளாக ஆக அவளைப் பத்திப் பேச ஆரம்பிச்சிட்டாவ. பேரு வாங்குறதுக்கு வேற கடல்ல இருந்து கொண்டாந்து காட்டிட்டான்னு. வேற ஏதோ ஆபீசுல இருந்து ஒரு ஆளு வந்து அவளை முகத்துக்கு நேரே கேட்டுட்டுப் போனாரு, "உண்மையிலேயே இங்க பிடிச்சதுதானா?"ன்னு. அவ அன்னைக்கு வளவுல உக்காந்து அழுதா. பாட்டுக்கும் போவல அந்த ஞாயித்துக்கிழமை. எனக்குச் சந்தோசமா இருக்கும்னுதான் நெனச்சேன். இருந்துது, மத்தியானம் வரைக்கும் இருந்துது. பொறவு அவ அழுத சத்தம் காதுலயே கெடந்து எரிச்சலாப் போச்சு. அழுறதாவது ஒழுங்கா அழுதாளா? வாயைப் பொத்திக்கிட்டு அழுதா, எனக்குக் கேக்கக் கூடாதுன்னு.

போன பங்குனியில சாரு போன் பண்ணிட்டாவ. வார திங்கக்கிழமை வருவேன், அதுதான் கடைசி, கெடைக்கலன்னா இந்தப் பேச்சை முடிச்சிருவோம்னு.

வெள்ளிக்கிழமை காலையில என் கையில மஞ்சக்கயிறு வந்துது. நல்ல பெருசு, வயித்துப் பிள்ளைக்காரி. பெர்னா ரேசன் கடைக்குப் போயிருந்தா. நான் வாலைப் பிடிச்சிட்டேன், கையை ஓங்கிட்டேன். அப்போதான் மனசுல ஒண்ணு பட்டுது. ஏன் எறியணும்? திங்கக்கிழமை சாரு வருவாவ. எல்லாரும் நிப்பாவ. அவ வெறுங்கையோட நிப்பா. அப்போ நான் போயி டப்பாவைத் தொறந்து காட்டுனா? "இந்தாங்க சாரு, இன்னாசியம்மா பிடிச்சது"ன்னு சொன்னா? பேப்பருல இந்தத் தடவை மூஞ்சியோட வரும்ல?

அவ கதவுக்கு அடிச்ச பெயிண்டு டப்பா ஒண்ணு காலியாக் கெடந்துது, மூடியோட. ஆணியைச் சுட வச்சு மூடியில ஓட்டை போட்டேன், காத்துப் போறதுக்கு. ஓடைத் தண்ணி ஊத்தி, அதுக்குள்ள விட்டு, வளவுக்குப் பொதுவா இருக்க குளிக்கிற மறைப்புக்குள்ள மூலையில வச்சு மேல சாக்கைப் போட்டேன். ரெண்டு வேளை தண்ணி மாத்துனேன். உளுவைக் குஞ்சு பிடிச்சுப் போட்டேன். என் பிள்ளையளுக்குக் கூட அப்படிப் பாத்திருக்க மாட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. பெர்னாவுக்கு வெறி பிடிச்ச மாதிரி இருந்துது. எங்க வலை போதாதுன்னு அடுத்தவங்க வலைக்கெல்லாம் ஓடுனா. பாசிக் குவியலைக் கையை விட்டு அளைஞ்சா. பாத்துச் செய்யணும்ல? நான் இங்கன உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். தேடு, நல்லாத் தேடுன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். "ஆ"ன்னா. கையை உதறுனா. "கெளுத்தி முள்ளுக்கா"ன்னு சிரிச்சா. நான் பாத்தேன். முள்ளு இல்ல. பாசிக்குள்ள இருந்து வலைகடியன் நழுவி வெளிய வருது. அது வேற பாம்பு, கடல்ல எங்கயும் கெடக்கும், விசத்துல ரெண்டும் ஒண்ணுதான். ஓடிப் போயி அதை வாலைப் பிடிச்சு எறிஞ்சேன். என் வாழ்நாளுல அவ்வளவு தூரம் எறிஞ்சதில்ல.

கடல் பாம்பு கடிச்சா வலிக்காதும்மா. கொசு கடிச்ச மாதிரி ரெண்டு புள்ளி, அவ்வளவுதான். பாம்புட்டின்னு சொன்னேன், அவ நம்பல. "எனக்கு ஒண்ணுமில்லக்கா, இன்னும் நாலு வலை பாக்கி இருக்கு"ன்னா. நான் முடியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனேன். போற வழியிலேயே கழுத்து பிடிக்குதுன்னா. தொடை வலிக்குதுன்னா. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது வாயத் தொறக்க முடியல, பல்லு கிட்டிக்கிட்டு. ஒண்ணுக்குப் போனா கருங்காப்பி மாதிரிப் போவுது. தரைப் பாம்புக்கு உள்ள மருந்து இதுக்குக் கேக்காதாம். சிறுநீரகத்துக்கு மெசின் வைக்கணும், மத்தது ஆண்டவன் விட்ட வழின்னு டாக்டரு சொல்லிட்டாவ.

ரோமால்டு செவுத்துல சாஞ்சு நிக்கான், அவனால ஒரு கையெழுத்துப் போட முடியல. நான்தான் உள்ள இருந்தேன். பத்து நாளு. தொடைச்சு விடுறது, திருப்பிப் படுக்க வைக்கிறது, எல்லாம் நான்தான். மாதாவே, அவளுக்கே பேரு வரட்டும், போட்டோவும் வரட்டும், உசுரை மட்டும் விட்டுருன்னு நேந்துக்கிட்டேன். அது அந்த நேரத்து அவசரத்துல சொன்னது. மாதாவுக்கும் அது தெரியும்.

திங்கக்கிழமை சாரு வந்திருக்காவ. எங்க வீட்டுக்காரரு குளிக்கப் போனவரு, டப்பாவைத் தொறந்து பாத்துட்டுத் துண்டோட தெருவுக்கு ஓடியிருக்காரு. சாரு பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டாவளாம். அளந்து, போட்டோ புடிச்சு, செதிலுல ஒரு துண்டு எடுத்துக்கிட்டு, வயித்துப் பிள்ளைக்காரின்னு ஓடையிலேயே விட்டுட்டாவ. யாரு பிடிச்சு வச்சதுன்னு கேட்டிருக்காவ. எங்க வீட்டுக்காரரு என்ன சொன்னாரு தெரியுமா? "பெர்னாதான் வச்சிருக்கும், பாம்புன்னாலே அதுதான சாரு"ன்னாராம்! என் டப்பா, என் ஆணி, என் உளுவைக் குஞ்சு! போன்ல இதைக் கேட்டுட்டு ஆஸ்பத்திரி வராந்தாவுல நான் சிரிச்சேனா அழுதேனான்னு எனக்கே தெரியல.

அஞ்சாம் நாளு அவளுக்கு வாய் தெறந்துது. நான் ஒருத்திதான் பக்கத்துல. உதட்டுல பஞ்சால தண்ணி தொட்டு வைக்கேன். மொத வார்த்தை என்ன கேட்டா தெரியுமாம்மா?

"அக்கா, டப்பாவுல தண்ணி மாத்துனியா?"ன்னா.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே அவ குளிக்கப் போனவ பாத்திருக்கா. ஓட்டை போட்ட மூடியைப் பாத்தாளாம், தொறந்து பாத்தாளாம், மூடி வச்சிட்டு வந்துட்டாளாம். "ஏன்ட்டி எங்கிட்டக் கேக்கல?"ன்னேன். "நீயே சாரு கையில குடுத்தா நல்லாருக்கும்னு நெனச்சேன்க்கா"ன்னா. அப்போ சனிக்கிழமை என்ன எழவுக்கு நீ பாசிக்குள்ள கையை விட்டன்னு கத்துனேன். நர்சு ஓடி வந்துட்டா. பெர்னா மெதுவாச் சொல்லுதா, "நான் தேடாம உக்காந்திருந்தா, எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு உனக்குத் தெரிஞ்சிரும்லக்கா"ன்னு.

பாத்தியளா? இதைத்தான் நான் சொல்லுதேன். ஒரு மனுசி இப்படி இருந்தா பக்கத்து வாசல்ல இன்னொருத்தி எப்படிம்மா குடியிருக்க முடியும்? ஒளிச்சு வச்சது நான், அதைக் கூட அவ என்னை விடப் பெருசா ஒளிச்சு வச்சுட்டாளே! ஒரு வார்த்தை ஏசிருந்தா நான் திருப்பி ஏசிருப்பேன், சரியாப் போயிருக்கும். ஏசலையே. ஒரு வருசமாச்சு, இன்னும் ஏசல. எனக்கு அவ மேல உள்ள ஆத்திரமெல்லாம் இப்போ அதுதான்.

இந்தா, கடைசி நண்டு. சரி, அது என்ன கையில சுருட்டி வச்சிருக்கிய? ஓடை வாயில வைக்கப் போற போர்டா? மாதிரித் தாளா? விரிங்க பாப்போம். மஞ்சக்கயிறு படம் நல்லாத்தான் போட்டிருக்கிய, வாலு மட்டும் இன்னும் கொஞ்சம் தட்டை. கீழ என்ன எழுத்து? எனக்குக் கண்ணாடி வீட்டுல கெடக்கு. நீங்களே வாசிங்க.

என்னது? திரும்ப வாசிங்க.

இந்தப் பாம்பை முதலில் கண்டு காத்தவர், இன்னாசியம்மாள்... கித்தேரியான் மனைவி... இன்னாசியம்மாளா? யாரு சொன்னா இப்படி எழுதச் சொல்லி? சாரா? இல்லியா? அவளா? போன் போட்டுச் சொன்னாளா? காத்தவருன்னும் அவதான் போடச் சொன்னாளா? ஏழையும் நான் உசுரோட தண்ணியிலயே எறிஞ்சது அவளுக்கு எப்படித் தெரியும்?

எல்லாம் தெரிஞ்சிருக்கு பாவிமட்டைக்கு.

இருங்க. தண்ணி எதுவும் வேண்டாம், கண்ணுல உப்புத் தெறிச்சிட்டு, அவ்வளவுதான்.

இல்லம்மா. இது சரிப்படாது. அவ எரங்கிப் போட்டு நான் வாங்கிக்கிடணுமா? காலம் பூரா அந்தப் போர்டைத் தாண்டித்தானே நான் வலைக்குப் போவணும்? பேனா வச்சிருக்கியளா? எடுங்க. என் பேரை அடிங்க. நல்லா அடிங்க, கோடு ரெண்டு தடவை போடுங்க. எழுதுங்க: பெர்னதெத், ரோமால்டு மனைவி. எழுதிட்டியளா? காட்டுங்க. ம்.

இப்போ போங்க. நீலக் கதவு. ஒரு தடவை தட்டிட்டுப் பொறுமையா நில்லுங்க, காலு இன்னும் அவளுக்குச் சரியாகல, செவுத்தைப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் வருவா. வந்ததும் இந்தத் தாளைக் கையில குடுத்துச் சொல்லணும், உங்க அக்கா தன் பேரை அடிச்சுட்டு உங்க பேரைப் போடச் சொல்லிட்டாவன்னு. சத்தமாச் சொல்லுங்க, எங்க வீட்டுக்காரரும் பக்கத்து வாசலுக்குள்ளதான் படுத்திருக்காரு, அவருக்கும் கேக்கட்டும். விட்டுக் குடுக்கறதுல இந்தத் தடவை நான் முந்திட்டேன்னு அவளுக்குத் தெரியணும். அவ முகம் எப்படிப் போவுதுன்னு நல்லாப் பாருங்க. பாத்துட்டு, பஸ்ஸு ஏறுமுன்ன இங்கன வந்து எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போவணும், கேட்டியளா?